ஆற்றங்கரையில் கூவிய பெயர்

ஆர்மாஸ் பீரோய்னன் பிறந்தபோது ஸ்வீடனை அடுத்த எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஸ்வீடன்காரர் பெயர்தான். ஞானஸ்நானத்தில் பாதிரியார் 'ஹெர்மன்' என்றார். அப்பா ஒப்பவில்லை.

"ஏன் சாமி, நம்ம பாஷையில சொல்லே இல்லையா? ஆர்மாஸ்னு எழுதுங்க."

அன்புக்குரியவன் என்று பொருள். காதலி காதலனைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். வீட்டில் புழங்கிய சொற்கள் பல அந்த ஆண்டுகளில் இப்படிப் பெயராகின.

வளர்ந்து, பியலிஸ் ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டும் கூட்டத்தில் சேர்ந்தான். நெடிய ஆள், உடைந்த மூக்கு.

"என் அன்பே, அந்தக் கட்டைய இப்படித் தள்ளு கண்ணு" என்பார்கள் கூட்டாளிகள். அவன் பாட்டுக்குக் கட்டையைத் தள்ளிக்கொண்டிருப்பான். அவர்களும் அலுத்துப்போய், எல்லோரையும் போல அவனையும் குடும்பப் பெயரால் கூப்பிட்டார்கள்.

அவர்களுக்குச் சமைத்தவள் சைமி. மாவுமில்காரர் மகன் வில்யாமிக்கு நிச்சயமானவள்.

ஒரு மே மாதம் ஆற்று வளைவில் கட்டைகள் சிக்கி நின்றன. பிரித்துவிடப் போன ஆர்மாஸ் கால் வழுக்கி இடையில் விழுந்தான். கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சைமி, "ஆர்மாஸ்" என்று அலறியது அக்கரைக்கே கேட்டது. கொக்கியால் அவனை இழுத்துப் போட்டார்கள். விலா எலும்பு முறிந்திருந்தது.

'அன்பே'ன்னு கத்திட்டாளாம் என்று ஊரே பேசியது. வில்யாமி மோதிரத்தைத் திருப்பிக் கேட்டான்.

சைமி நேரே ஆர்மாஸிடம் வந்தாள். "உங்க பேரால எனக்கு வந்ததப் பாத்தீங்களா? நான் கூப்பிட்டது பேரத்தான்னு அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

விலாவில் துணியைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போனான். வில்யாமி முழுவதும் கேட்டான்.

"சரிப்பா, பேருதான். மத்தவன எல்லாம் ஹிர்வோனன், கெத்தூனன்னு குடும்பப் பேரச் சொல்லித்தானே கஞ்சி ஊத்துறா? உன்னை மட்டும் ஏன் அப்படிக் கூப்பிட்டா?"

ஆர்மாஸ் திரும்பி வந்து கேள்வியை அப்படியே சைமியிடம் சொன்னான். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"அந்த நேரத்துல வேற பேரு வாயில வரல."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன அப்படின்னா? கஞ்சி ஆறுது, உக்காருங்க."

இலையுதிர்காலத்தில் ஆர்மாஸுக்கும் சைமிக்கும் கல்யாணம். வில்யாமி வரவில்லை, ஒரு மூட்டை மாவு அனுப்பியிருந்தான். விலா சரியாகக் கூடாததால் ஆர்மாஸ் கட்டை ஓட்டுவதை விட்டுப் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தான்.