எதிர் வளவு ராட்டினக்காரர்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு வந்து, நோபல் பார்க் என்ற புறநகரில் நாங்கள் வீடு வாங்கி எட்டு மாதமாகியிருந்தபோது, எதிரிலிருந்த வெற்று வளவில் குடைராட்டினத்தோடு ஒரு வெள்ளைக்காரர் வந்திறங்கினார். ஊர் ஊராகப் போகிறவர்; காரவன் வண்டிதான் வீடு. அவரைக் கிளப்பச் சொல்லிக் கவுன்சிலுக்கு ஒரு மனுவோடு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். என்னையும் ஊர்க்காரனாக மதித்துக் கேட்கிறாரே என்ற பெருமையில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் ராட்டினக்காரர் இரண்டு வாளிகளோடு தண்ணீர் கேட்டு வந்தார். நெடிய மனிதர், வெயிலில் சிவந்த மூக்கு. பழுதான எதையும் திருத்தாமல் விடமாட்டார். வாளி நிரம்புவதற்குள் எங்கள் கேற்றுக் கதவின் தளர்ந்த பிணைச்சலை இறுக்கிவிட்டார். அவருடைய ஆங்கிலம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே இருக்கிறது.

"இஞ்ச எவ்வளவு காலமாய் இருக்கிறீர்?"

"எட்டு மாதம்."

"நான் இருபது வருசமாய்க் கோடைக்குக் கோடை வாறன். உம்மட குசினி அடுப்பு இருக்கிற இடத்திலதான் முந்தி என்ர ராட்டினம் நிண்டது," என்று சிரித்தார்.

"பாவமப்பா, போய் உங்கட பேரை வெட்டிப்போட்டு வாங்கோ," என்றாள் மனைவி. ஓடினேன். மனு கவுன்சிலுக்குப் போய்விட்டிருந்தது.

அதன்பின் அவர் தினமும் தண்ணீருக்கு வந்தார். மூன்றாம் வாரம் கவுன்சில் அவரைக் கிளம்பச் சொன்னது. விடைபெற வந்தவரிடம், "நானும் கையெழுத்து வைச்சனான்," என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"தெரியும். கவுன்சில்காரர் முதல் வாரமே மனுவைக் காட்டினவை. உம்மட பேர்தான் ஆக நீளம்."

"தெரிஞ்சுமா என்னட்டத் தண்ணி எடுத்தனீர்?"

"உம்மட பைப்தானே கிட்ட இருந்தது!"

அந்தக் கோடை முழுவதும் எதிர் வளவு வெறுமையாகவே கிடந்தது. என்மேல் அவருக்கு ஏன் கோபம் வரவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.