அஞ்சலை என்று நான் பெயர் வைத்த பெண்

உலகெங்கும் வாழும் என் பதினோரு வாசகர்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் ஓர் அறிவிப்பு. கடந்த சனிக்கிழமை காலை 8.10க்கு, ஈப்போ பேருந்து நிலையப் படியில், என் இடது சிலிப்பர் வார் அறுந்து இயற்கை எய்தியது. வயது ஏழு மாதம். மலர்வளையம் வேண்டாம்.

இந்தத் துயரத்தோடுதான் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். ஏன் என்று கேட்டால், வாய்க்கொழுப்பு.

போன பள்ளி விடுமுறையில் ஈப்போ பழைய நகரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் பழைய புகைப்படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். நுழைவு இலவசம். முடிதிருத்துபவர், மாட்டுவண்டிக்காரர், ஈயம் அலசும் பெண்கள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர்கள். படத்துக்குக் கீழே தொழில் மட்டும்தான் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. விடுவேனா? கைப்பேசியில் சுட்டு, இந்த வலைப்பூவில் பெயர்சூட்டு விழா நடத்தினேன். முடிதிருத்துபவர் ‘கத்தரிமுத்து’. வண்டிக்காரர் ‘சக்கரபாணி’. ஒருத்திக்கு மட்டும் கேலி வரவில்லை. நெற்றியில் விளக்கு, முகத்தைச் சுற்றித் துணி, கையில் பால்வெட்டும் கத்தி, கண்கள் மட்டும் வெளியே. ‘அஞ்சலை, சுங்கை சிப்புட்’ என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். கேலியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அஞ்சலை மட்டும் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு குரல்பதிவு. சேகர் அண்ணே, லாரி ஓட்டுநர், ஐம்பது வயதிருக்கும். “தம்பி, அது எங்கம்மா. அஞ்சலைதான் பேரு. எனக்கு நாலு வயசுல போய்ட்டாங்க. ஐசில, அதான் அடையாள அட்டைல, இருந்ததுதான் ஒரே படம். சாவு பதியப் போனப்ப அதையும் ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. ஒருவாட்டி வீட்டுக்கு வாலா.”

நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். செய்தி அனுப்பிச் சொல்வது கோழைகளின் வேலை. நாமெல்லாம் யார்!

8.30 பேருந்து. முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், மூன்று வெள்ளி ஐம்பது காசு. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் என் காலைப் பார்த்தார்.

“ஒரு கால்ல சிலிப்பரு இருக்கு, ஒரு கால்ல இல்ல. கோயிலுக்குப் போறியா, கடைக்குப் போறியா?”

“பாதிப் பாதிண்ணே.”

சேகர் அண்ணே மோட்டாரில் வந்து ஏற்றிக்கொண்டார். நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி, அவர் பிறந்த தோட்டத்துக்கு. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் உரமூட்டைகள் அடுக்கியிருந்தன. “இங்கதான் அம்மா நின்னிருப்பாங்க, இல்ல?” என்று என்னைக் கேட்டார். என்னை! சொல்லிவிடு என்றது வயிறு. “ஆமாண்ணே” என்றது வாய்.

வீட்டுக் கூடத்தில் படம் பெரிதாகச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையோடு தொங்கியது. இத்தனை வருடமும் தீபாவளிப் படையலுக்கு அம்மாவின் சேலை ஒன்றை மடித்து வைத்துத்தான் கும்பிட்டார்களாம். படத்தைப் பார்ப்பதற்கென்றே அவருடைய அக்கா ராணி தாப்பாவிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தார். அம்மா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார்.

“கண்ணு அம்மா மாதிரிதான் இருக்கு. ஆனா அம்மா இடக்கைக்காரிடா சேகரு. ‘ஒன் வெட்டு மட்டும் ஏறுமாறா இருக்கு’ன்னு கங்காணி தெனமும் கத்துவாரு. இதுல கத்தி வலது கையிலலா இருக்கு?”

“ஒனக்கு அப்ப ஒம்பது வயசுக்கா. மறந்திருக்கும்லா.”

“அந்தக் கைய மறப்பேனா? எத்தன அடி வாங்கியிருக்கேன்!”

சேகர் அண்ணே சிரிக்கவில்லை. மாலையை ஒருமுறை சரிசெய்தார். அப்புறம் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தகுந்த விளக்கம் கொடுத்தேன். இருவர் முகமும் தெளிந்தது. கோழிக்கறியோடு சாப்பிட்டு, ராணி அக்காவின் பழைய சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, 3.15 பேருந்தில் ஊர் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்துக்குப் பேருந்து இல்லை, உள்ளூர் ஆள் துணை வேண்டும். தண்ணீர் எடுத்துப் போங்கள், செம்பனை நிழலை நம்பாதீர்கள். பழைய படங்களை எடுத்துப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், அவளைத் தேடும் பிள்ளைகளும் எங்கேயாவது இருப்பார்கள். அவர்கள் கண்ணில் இனி அவள் பட்டால்கூட, கீழே வேறு பெயர் இருக்கும்.

சரி, அந்தத் தகுந்த விளக்கம். “பழைய படம்லா அக்கா. பிலிம பின்பக்கமாப் புரட்டி வச்சு அச்சடிச்சா இடது வலதாத் தெரியும்.” இதுதான் நான் சொன்னது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்காது. தேர்வில் ஓடாத மூளை அன்றைக்கென்று பார்த்து ஓடியது. ராணி அக்கா என் தலையைத் தடவி, “படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

நேற்று சேகர் அண்ணே ஒரு படம் அனுப்பினார். கடையில் கொடுத்து அம்மாவை இடவலமாகத் திருப்பி அச்சடித்து, புதுச் சட்டம் போட்டிருக்கிறார். கத்தி இப்போது இடது கையில். ‘இப்ப சரியா இருக்காலா தம்பி?’ என்று கேட்டிருந்தார்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் குறி ஒன்றை அனுப்பினேன்.