ரப்பர் பால் பூசிய பாண் டின்

இதை எழுத வேணும் என்று பல வருஷமாக நினைப்பேன். பேக்கரியில் சுட்ட பாண் துண்டைப் பற்றி என்னத்தை எழுதுவது என்று கூச்சப்பட்டு விட்டுவிடுவேன். போன கிழமை மருமகள் கேகாலையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். சூப்பில் போடுகிற காய்ந்த பாண் துண்டாம். ஒன்றை வாயில் போட்டேன். மொறுமொறு என்றுதான் இருந்தது, ஆனால் ஒரு வாசமும் இல்லை. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். விடியுமுன்னே பாணுக்கு வரிசையில் நிற்கிற காலம். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்குப் போக என் தங்கச்சி குடும்பத்துக்குப் பேர் வந்துவிட்டது. ரயில், கப்பல், மறுபடி ரயில். அவளுடைய சின்னப் பையனுக்கு வெளிச் சோறு வயிற்றில் தங்காது, காய்ந்த பாண்தான் தங்கும். வழியில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதே என்று, நான் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். அன்றைக்குப் பிடித்தது மழை.

முதல் நாள் பாணை மறுநாள் விரல்நுனி அளவு வெட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, சின்ன நெருப்பில் தாச்சிச் சட்டியில் புரட்ட வேணும். ஆறினதும் டின்னில் போட்டு, அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். உப்பு டப்பாவே தண்ணீராய் நிற்கிற ஊரில் அந்த அரிசி என்ன செய்யும்? துண்டெல்லாம் நமுத்து, பூஞ்சணம் பிடித்துவிட்டது. மறுபடி வரிசை, மறுபடி வெட்டு. மாரியம்மா படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, கூழு ஊத்துறேன், ஒரு நாளு வெயில் காட்டு" என்று சண்டையே போட்டேன்.

அம்மன் வெயில் காட்டவில்லை. என் வீட்டுக்காரர் வழி காட்டினார். ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கூட்டில் அவருக்கு வேலை. நான் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்து, பாணை முறத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஷீட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். சாயந்திரம் கொண்டுவந்து நீட்டினார்.

"பாரு புள்ள, கல்லு மாதிரி காஞ்சிருச்சு."

மோந்து பார்த்தேன். தலை சுற்றியது. "என்னங்க இது, ரப்பரு நாத்தம் அடிக்குது. பச்சப்புள்ள திங்கவா, லொறிக்கு டயர் போடவா?"

"காயணும்னுதானே அழுத. வாசம் வேணும்னு சொல்லலியே."

விடிந்தால் பயணம், வேறு பாணுக்கு வழியில்லை. டின்னில் அடைத்து, மூடியில் விபூதி பூசி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். ஈரம் உள்ளே போய்விடுமாம், அதற்குள் மூடியைச் சுற்றி ரப்பர் பால் ஊற்றிக் காயவைத்துவிட்டார் மனுஷன்.

பஸ்ஸில் ஏறும்போது தங்கச்சி மூடியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. "அக்கா, இது திங்கக் குடுத்ததா, கும்புடக் குடுத்ததா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை வழியெல்லாம் என்னத்தைத் தின்னும்?

அதற்குப் பிறகு வீட்டில் கறிக்கு உப்பு கூடினாலும் குறைந்தாலும் அந்த டின்னைத்தான் பேச்சில் இழுத்துத் திட்டுவேன். "காஞ்சிருந்துச்சில்ல" என்பார், அவ்வளவுதான் அவர் பதில்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் தங்கச்சி போனில் வந்தாள். அந்தச் சின்னப் பையன்தான் நம்பர் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தானாம். என் முதல் கேள்வியே டின்தான்.

"தலமன்னார்ல கல்லால ஒடச்சோம் அக்கா. கப்பல்ல புள்ள ஒரே அழுக. ஒரு துண்டு குடுத்தேன். மோந்து பாத்துட்டு, 'பெரியப்பா வாசம்'னான். தின்னுட்டு மடியிலயே தூங்கிட்டான்."

"இதச் சொல்ல இத்தன வருஷமாடி ஒனக்கு?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்கு எங்கே தெரியும்? தெரிந்திருந்தால் அந்த மனுஷனைக் கொஞ்சம் குறைத்தாவது திட்டியிருப்பேன். புகைக்கூட்டுக்கு இப்போது கூரை இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்த வாசம் எப்படி இருக்கும் என்று மருமகளுக்குக் காட்ட அவருடைய ஒரு சட்டைகூட மிச்சமில்லை.

இந்த லட்சணத்தில் தங்கச்சி அங்கே அக்கம்பக்கத்தில், அக்கா நெய்யில் பொரித்துக் கொடுத்த பாண் என்று சொல்லித் திரிகிறாளாம். நெய்க்கு நாங்கள் எங்கே போவோம்? நீங்கள் யாருக்காவது இதைச் சொன்னால் தயவுசெய்து நெய் ஊற்றாதீர்கள். ரப்பர் புகை நாற்றம் அடித்தது, பிள்ளை தின்றுவிட்டுத் தூங்கினான் என்றே சொல்லுங்கள்.