மேல் தாழ்ப்பாள்

இரும்பில் இரும்பு உரசி, சட்டென்று விழுந்து அடங்கும் சத்தம். கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைத் தள்ளும்போதெல்லாம் அத்தை, என் கணவரின் அம்மா, நினைவுக்குள் வந்துவிடுகிறார். அவரோடு, அந்த நாள் நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்கதவும். பச்சை பெயின்ட்டின் மேல் பச்சை பெயின்ட், அதன் மேல் நிலக்கரித் தூசி, எண்ணெயே காணாத தாழ்ப்பாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு மாறியிருந்தோம். அதே டைப் வீடு. அதே சமையலறை, அதே ஜன்னல், கண்ணைக் கட்டிவிட்டாலும் தண்ணீர்க் குடத்தைத் தொட்டுவிடலாம். ஆனால் அத்தைக்கு இங்கே எதுவும் எட்டவில்லை. மேல்தட்டில் புளி ஜாடி எட்டவில்லை. துணிக்கொடி எட்டவில்லை. பின்கதவுத் தாழ்ப்பாளில் விரல்நுனி தொட்டுத் தொட்டு வழுக்கியது.

"அந்த வூட்ல எல்லாம் எட்டிக்கினுதான இருந்துச்சி? இங்க ஒசத்தி ஒசத்தி வெச்சிருக்கா. என்னைச் சமையக்கட்ட வுட்டுத் தொரத்த இது ஒரு வழி" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம், என் காதில் விழும்படி சொன்னார். நான் கொடியை இறக்கிக் கட்டினேன். "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிதா மகாராணிக்கு?" என்றார்.

அதோடு முதுகுவலி வேறு. குடத்தைத் தூக்கிய ஒரு காலையில் பிடித்துக்கொண்டது. வாயு என்று இஞ்சிச் சாறு குடித்தார். மந்தாரக்குப்பத்தில் ஒரு பெண்ணிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு வந்தார். அன்றைக்கெல்லாம் புரளக்கூட முடியாமல் கிடந்தார்.

தாழ்ப்பாள் சண்டையைத் தீர்க்கத்தான் என் கணவர் டேப்போடு பழைய வீட்டுக்குப் போனார். புதிதாகக் குடிவந்தவர், "இன்னா சார், கதவையும் கழட்டிக்கினு போவப் போறீங்களா?" என்று கேட்டாராம். திரும்பி வந்தவர் இந்தக் கதவையும் அளந்தார். "ரெண்டு வீட்லயும் ஒரே உயரம்தாம்மா." அத்தை கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் பாவாடை விளிம்பு தரையில் இழைவதைப் பார்த்தார். பழைய பாவாடைதான்.

எலும்பு டாக்டர், பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். "எப்பம்மா விழுந்தீங்க?"

"நா எங்கங்க வுழுந்தேன்? கொடந்தான் தூக்கினேன்."

விழவே வேண்டியதில்லை, எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டால் குடமே போதும் என்றார். முள்ளெலும்பு ஒன்று, மிதிபட்ட தீப்பெட்டி போல முன்பக்கம் நசுங்கியிருந்தது. கீழே இன்னொன்று எப்போதோ நசுங்கி, யாரிடமும் சொல்லாமல் ஆறியிருந்தது. நீவுவதை அன்றே நிறுத்தச் சொன்னார். பாண்டிச்சேரியில் அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். கொஞ்ச காலம் முதுகுக்குப் பட்டி, கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒரு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்கக் கூடாது. அத்தை ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டார். பூசைக்கு எப்படியும் சாப்பிடாமல்தான் போவார். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து செபமாலையை உருட்டி முடிக்க, நேரம் சரியாக இருக்கும்.

வலி மெல்ல அடங்கியது. போன உயரம் வரவில்லை. வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். என்மேல் போட்ட பழியைப் பற்றி அத்தை அப்புறம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, அத்தையின் தோளுயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். குவார்ட்டர்ஸ் கதவில் ஓட்டை போட்டதற்குக் கணவர் முணுமுணுத்தார். "குள்ளச்சிக்குத் தனித் தாப்பாளா?" என்று அத்தை அதைத் தொடாமலே இருந்தார். பிறகு ஒரு விடியலில், நான் படுக்கையில் இருக்கும்போதே, புதுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தமும் அதன் பின்னே பால் பாத்திரத்தின் சத்தமும் கேட்டன. சமையலறை மறுபடி அவருடையதாகியிருந்தது.

இப்போது இந்த நகரத்து வீட்டில் மேல் தாழ்ப்பாளைப் போட, என் குதிகால் லேசாக எழும்புகிறது. ஸ்கேனுக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

கணவருக்கு வெளிமாநில மாற்றல் வந்து நெய்வேலி வீட்டைக் காலி செய்த அன்று, அத்தை காடாம்புலியூரில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பின்கதவருகே கணவர் திருப்புளியோடு நின்றார், நான் போட்ட கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றி ஓட்டையை அடைக்க. ஆட்டோவில் ஏறப் போன அத்தை திரும்பி வந்தார்.

"வுட்றா, அத்தக் கழட்டாத. வர்றவ வூட்லயும் ஒரு மாமியாக்காரி இருப்பா."