திரும்பவும் கூடும் என்றது தந்தி

வெள்ளைக்காரர் காலம். மல்லசமுத்திரத்தில் நான் தந்தி குமாஸ்தா. வங்கக் கடலில் புயல் வலுக்கிறது, சேலம் ஜில்லாவில் பெருமழை பெய்யலாம், புயல் வடக்கே திரும்பவும் கூடும் என்று ஒருநாள் தந்தி வந்தது.

நிலக்கடலை போட்டிருந்த பாவாயம்மாள் ஓடிவந்தார். "ஏனுங்க சாமி, மழை வருமுங்களா? கடலை இன்னும் முத்தலைங்க."

எல்லாம் அறிந்தவன் போலப் பேச எனக்கு ஆசை. "கட்டாயம் வருமுங்க. இன்னைக்கே பிடுங்கிருங்க" என்றேன். திரும்பவும் கூடும் என்பதைச் சொல்லவில்லை.

புயல் வடக்கே போய்விட்டது. இங்கே வெயில் அடித்தது. அவரோ அன்றைக்கே பிடுங்கிவிட்டார்; பாடுபட்ட வெள்ளாமை பிஞ்சோடு போயிற்று.

கூசிக்கொண்டே அவர் காட்டுக்குப் போனேன்.

"காத்து திரும்புனா நீங்க என்ன பண்ணுவீங்க சாமி? பிஞ்சுக் கடலை இனிக்குமுங்க, தின்னுங்க" என்று வேகவைத்ததை அள்ளித் தந்தார்.

தின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது உங்களிடம் சொல்லி என்ன பயன்?