ஈயம்னா எந்த ஈயம்?

அரியலூரில் ஒரு வீட்டுக் கதவைத் தேய்க்க உப்புத்தாளை வைக்கப் போனேன், போன் வந்தது. வீட்டுக்கார சாரின் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வருகிறாள். அதற்காகத்தான் சார் என்னைப் பெரம்பலூரிலிருந்து வரவழைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, பழைய பெயிண்ட்டைத் தேய்க்காதீங்க. அதுல ஈயம் இருக்கும், தூசி கொழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருஷமாகத் தேய்க்கிற ஆள் நான். மரம் வழவழவென்று ஆகாமல் பட்டி வைக்க எனக்குக் கை வராது.

"ஈயச் சொம்பு ரசம் குடிச்சு வளந்தவங்கதானே பாப்பா நாம? என்ன ஆயிட்டோம்?" என்றேன். பக்கத்தில் நின்ற சாரும் சிரித்தார்.

"அது வெள்ளீயம்ணே. நான் சொல்றது காரீயம், அது வெஷம். டெஸ்ட் பண்ணாம நான் அங்க வர மாட்டேன்."

சாரின் சிரிப்பு நின்றுவிட்டது. தலைப்பிரசவத்துக்கு மகள் வராமல் போனால் சொந்தபந்தத்துக்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடமே கேட்டார். நான்தான் நாலைந்து இடத்தில் பெயிண்ட்டைப் பெயர்த்துக் கவரில் போட்டு, திருச்சியில் ஒரு லேபில் கொடுத்துவிட்டு வந்தேன். சுவரில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கதவு, ஜன்னலில் இருந்த பச்சை எனாமலில் காரீயம் ஏகத்துக்கு இருந்தது.

அந்தப் பச்சையை நான் எத்தனை வீட்டுக்கு அடித்திருப்பேன்! டப்பாவைத் திறந்தாலே தெரு மணக்கும். இரண்டு கோட் போட்டால் இருபது வருஷத்துக்கு அசையாது. அதைக் குறை சொன்னதும் என் கைராசியையே குறை சொன்ன மாதிரி வலித்தது.

ஆனாலும் அவள் சொன்னபடியே செய்தேன். கீழே பிளாஸ்டிக் விரித்து, மாஸ்க் கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்திலேயே சுரண்டினேன். உதிர்ந்ததை ஒரு துளி விடாமல் மூட்டை கட்டினேன். தரையை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன். வழக்கமாக மூன்று நாளில் முடிகிற வேலைக்குப் பத்து நாள் ஆனது.

எல்லாம் முடிந்த பிறகு, கை நிறைய வளையலோடு அவள் வந்து இறங்கினாள். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்றாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"நீங்க வூட்டுக்குப் போனா குளிச்சுட்டுத்தானே புள்ளைங்களத் தூக்குவீங்க?"

என் மகள் சின்னவளாக இருந்தபோது, சைக்கிள் சத்தம் கேட்டதுமே ஓடி வந்து என் மேல் ஏறிக்கொள்வாள். என் தலையில் இருக்கும் தூசியை ஊதி ஊதி விளையாடுவாள். நாள் முழுக்க அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வேலை பார்த்தேன்.

இப்போது அவள் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். அன்று சாயங்காலம் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "போங்கப்பா, அந்தத் தூசி வாசனதான் எனக்கு அப்பா வாசன" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளே, வீட்டுக்குப் போனதும் முதலில் குளித்துவிடுங்கள். பிள்ளை அழுதாலும் அழட்டும், பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.