டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு டீச்சர்

மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரைக் கேட்டாலும் தமிழ் டீச்சர் வீடு எது என்று காட்டுவார்கள். சனிக்கிழமைதோறும் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஊரார் பிள்ளைகள் உட்கார்ந்து தமிழ் படிப்பார்கள். அந்த டீச்சர் தன் சொந்த மகளுக்குத் துணைப்பாட ஆசிரியர் தேடி அலைந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது சிரிக்கும் பொம்மைகள்தான் வரிசையாக வந்தன. ஒருவர் மட்டும், "டீச்சர், மெசேஜ் தப்பா அனுப்பிட்டீங்களா?" என்று பரிவோடு விசாரித்தார்.

மகள் தொடக்கநிலை ஆறாம் வகுப்பு. வாய்மொழித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தேர்வு ஒரு சாக்குதான். அவள் என்னிடம் தமிழில் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். நான் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை, பிறகு அறைக்கதவு. ஞாயிறு மதியங்களில் சோபாவில் உறங்கிப்போவாள். உறக்கத்தில் ஏதோ முணுமுணுப்பாள். அது தமிழ். யாரையோ கூப்பிடுவாள், எதற்கோ கோபிப்பாள். நான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். விழித்தால் போய்விடும் என்று விசிறியின் வேகத்தைக்கூடக் கூட்ட மாட்டேன். மதிப்பெண் போனால் போகட்டும், அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்றிருந்தது.

"உன்கிட்ட படிக்க மாட்டா. வேற ஆளப் பாரு," என்றார் கணவர். அவர் சொல்வது சரியாக இருக்கும்போதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் வரும்.

முதலில் லிட்டில் இந்தியாவில் ஒரு துணைப்பாட நிலையத்துக்கு, சேருமுன் பார்க்கும் சோதனை வகுப்புக்குப் போனோம். கீழே பாத்திரக் கடை, மேலே வகுப்பு, பின்னால் பெற்றோருக்கு நாற்காலிகள். யாரோ அண்டாவைத் தட்டிப் பார்க்கும் ஓசை தரை வழியே மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் இளைஞர், சுறுசுறுப்பானவர். பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, வாய்மொழித் தேர்வில் காணொளி ஒன்றைக் காட்டிக் கேட்பதுபோல், "உனக்கு இப்படி ஓர் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

பதினோரு பன்னிரண்டு வயதில் எல்லாருக்கும் அனுபவம் கைவசம் இருக்குமா? அதனால் எங்களைப் போன்றவர்கள் அனுபவத்தைத் தயாரித்துக் கொடுப்போம். பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். இந்தத் தொழிலில் இதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

முதல் வரிசைப் பையன் எழுந்தான். "சீனப் புத்தாண்டுக்கு முன் நான் என் தாயாருடன் தேக்கா சந்தைக்குச் சென்றிருந்தேன். அப்போது முதியவர் ஒருவரின் பை கிழிந்து, ஆரஞ்சுப் பழங்கள் துள்ளிக் குதித்து ஓடின..."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'துள்ளிக் குதித்து ஓடின' என் சொற்கள். அடுத்து எழுந்த பெண்ணும் அதே சந்தைக்குப் போயிருந்தாள், அதே பழங்களைப் பொறுக்கியிருந்தாள். மகளுக்கு நாலு வயதில் நிஜமாக நடந்தது அது. என் கையை உதறிவிட்டு மீன் கடைகளின் ஈரத்தரையில் ஓடி, தன் சட்டையை மடியாகப் பிடித்துப் பழங்களை அள்ளி வந்தாள். அதைத்தான் என் மாணவர்களுக்காக எழுதினேன். அது கை மாறி, நகல் மாறி, பாத்திரக் கடை மாடிக்கும் வந்துவிட்டது. இந்தத் தீவில் எத்தனை பிள்ளைகள் அந்தக் கிழவரின் ஆரஞ்சுப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்களோ! எனக்குக் கனவில் நடப்பதுபோல் இருந்தது. பெருமை வேறு தாங்கவில்லை. மகளைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே சேர மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

தெம்பனிஸில் ஓர் ஆசிரியை இருப்பது தெரிந்ததே தற்செயல். நல்ல டியூஷன் டீச்சர் கிடைத்த தாய்மார்கள் வெளியே மூச்சு விட மாட்டார்கள்; தங்கள் பிள்ளையின் இடம் போய்விடும் என்ற பயம். என் மாணவி ஒருத்தியின் அத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்த ஆசிரியை முஸ்லிம் பெண், என்னைவிட இளையவர். வார நாட்களில் கப்பல் அலுவலகம் ஒன்றில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மூன்று பிள்ளைகள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வரவேற்பறையில் என்னை உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் அவர் வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, துணி லா. நீ கொஞ்சம் வாம்மா, ஒரு பக்கம் பிடி," என்று மகளை அழைத்துக்கொண்டு ஓடினார்.

புத்தகம் இல்லை, காணொளி இல்லை. இருவரும் கழியை உள்ளே இழுக்கும் சத்தம், துணியை உதறும் சத்தம், அதற்கு மேல் மழை. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு எதுவும் புரியவில்லை. பிறகு மகள் சிரிப்பது கேட்டது.

"உங்கம்மாவே டீச்சராச்சே. வீட்ல தமிழ் பேச மாட்டியா?" என்றார் அவர்.

"பேச மாட்டேன்."

"ஏம்மா?"

"அந்த ஆரஞ்சு ஸ்டோரி இருக்குல்ல, அது என்னோடது ஆன்ட்டி. எனக்குத்தான் நடந்துச்சு. எவ்ரி சாட்டர்டே யார் யாரோ வந்து, எங்க டேபிள்ல உக்காந்து, தனக்கு நடந்த மாதிரி சொல்வாங்க. அம்மா வெரி குட்னு சொல்வாங்க." துணியை உதறும் சத்தம் கேட்டது. "எது சொன்னாலும் அம்மா எல்லாருக்கும் குடுத்துடுவாங்க. அதான் சொல்றதில்ல."

எனக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும், படியிறங்கி மழைக்குள் போய்விடவேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யவில்லை. பிறர் வீட்டு சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியை அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இந்தச் சட்டைய அப்படிப் போடு," என்றார்.

கிளம்பும்போது வாசலில் என்னிடம், "தமிழெல்லாம் அவளுக்கு நல்லாவே இருக்கு அக்கா. வாரா வாரம் வரட்டும். நீங்க மட்டும் மேல வராம, கீழ புளோக் அடியிலேயே உக்காந்திருங்க, சரியா?" என்றார். நானும் பிற பெற்றோரிடம் இதைச் சொன்னவள்தான். நமக்கே சொல்லப்படும்போது வேறு மாதிரி இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்ப, மார்சிலிங்குக்கு அருகே உள்ள உட்லண்ட்ஸ் போகும் ஈரடுக்குப் பேருந்தில் மேல்தட்டின் முன்னிருக்கை கிடைத்தது. மழை விட்டிருக்கவில்லை. விரைவுச்சாலையின் இருபுறமும் மரங்கள் நனைந்து பெருத்து நின்றன. கண்ணாடியில் நீர் வழிந்து, பச்சையும் சாம்பலும் ஒன்றோடொன்று கலந்து, பேருந்து நீருக்கடியில் போகிறதோ என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மாதிரி விடை போலவே இருந்தன. எனவே, "நீ ஆன்ட்டிட்ட சொன்னது கேட்டுச்சு. ஸாரி," என்று மட்டும் சொன்னேன்.

"ம்," என்றாள்.

பேருந்து வெகுதூரம் ஓடியது. பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மா, ஒண்ணு சொல்லவா? யாருக்கும் குடுக்கக் கூடாது."

"குடுக்க மாட்டேன்."

சொன்னாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், இடையில் அவள் தோழியிடம் பொறுக்கிய மலாய்ச் சொல் ஒன்று. எங்கேயும் நான் குறுக்கிடவில்லை. உறக்கத்தில் மட்டும் கேட்ட அந்தக் குரல், கண் திறந்தபடி, உட்லண்ட்ஸ் வரும்வரை என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கவேண்டிய இடம் கொஞ்சம் தள்ளிப் போகாதா என்று ஏங்கினேன்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் அவளிடம் அனுமதி கேட்டேன். "ஆரஞ்சா? அதான் ஊருக்கே தெரியுமே, எழுதிக்குங்க," என்றாள். பேருந்தில் சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது இங்கே இல்லை.